மீட்காத பிள்ளை

இப்படி உள்ளே தள்ளி உக்காரு தாயி. அந்தப் பக்கம் வெயில் நேரா பிள்ளை மூஞ்சியில அடிக்குது. நான் ஓரத்துக்கு வந்துக்கிறேன், எனக்கு வெயில் பழக்கம்தான். இந்தப் பையை மட்டும் கொஞ்சம் உன் மடியில வச்சுக்க. கீழ வைக்கக் கூடாது. மேல தட்டுல வச்சா எவனாச்சும் மூட்டையைத் தூக்கி அமுக்கிடுவான். கனமெல்லாம் இல்ல, ஒரு சட்டைதான்.

பிள்ளைக்குப் போட்டிருக்கிற பழுப்பு அங்கியையும் இடுப்புல வெள்ளைக் கயிறையும் பாத்ததுமே நெனச்சேன், கருங்கல்மேட்டு அந்தோணியார் கோயிலுக்குத்தான் போறேன்னு. நேந்துக்கிட்ட பொருத்தனைப் பிள்ளையா? நல்லது. நானும் அங்கதான் போறேன். இன்னைக்குக் கடைசி நாள் திருவிழா, கூட்டம் ஏறி மிதிக்கும். எந்த ஊரு நீ? அப்படியா. அங்க எங்க நாத்தனார் வகையில சொந்தம் இருக்கு. ஊருக்குள்ள எந்தத் தெரு? அடடா, அழுவுறானே. பால் குடு, பால் குடு. நான் சேலையை இழுத்து மறைச்சுக்கிறேன்.

ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனக்காத. பிள்ளையை மீட்க ஆள் வருதா? யாரு, உன் தம்பியா? முன்னாடியே போயிட்டானா? நிச்சயமா போயிட்டானா, இல்ல வர்றேன்னு சொன்னதோட சரியா? ஒரு போன் போட்டுக் கேட்டுக்க தாயி. கேட்டுட்டுப் பிள்ளையைக் கீழ கிடத்து. இந்த ஒண்ணைச் சொல்லத்தான் நான் உன் பக்கத்துல உக்காந்தேன்னு வச்சுக்கயேன். என்னைப் பாரு. ஆள் வருமா வராதான்னு பாக்காம கிடத்திட்டு, இன்னைக்கு வரைக்கும் நிக்கிறேன்.

எனக்கு முதல் ரெண்டும் தங்கலை. அப்புறம் பிலோமி பொறந்தா, பொட்டப்பிள்ளை, கல்லு மாதிரி இருந்தா. அதுக்கடுத்து இவன். பேரு பதுவைநாதன். அந்தோணியார் பதுவை ஊருக்காரராமே, அதனால அந்தப் பேரு. பல்லு முளைக்கிறதுக்குள்ள ஜன்னி கண்டு, கண்ணு மேல சொருகிக்கிச்சு. டாக்டர் ஊசி போட்டுட்டு, விடியட்டும் பாக்கலாம்னுட்டு வெளிய போயிட்டாரு. நான் அப்படியே தரையில முட்டி போட்டேன். கோடி அற்புதரே, அந்தோணியாரே, இவனை எனக்குப் பிழைக்க வச்சுக் குடுத்தா, உங்க காலடியில கிடத்தி உங்களுக்கே குடுத்துட்டு, ஊரறிய மீட்டுக்கிட்டுப் போறேன்னு சொன்னேன். விடியறதுக்குள்ள பிள்ளை முலை தேடிச்சு.

மீட்குற முறை உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்றேன். சப்பரம் சுத்தி வந்து நின்னதும், கொடிமரத்தடியில சமுக்காளம் விரிச்சுப் பிள்ளைங்களைக் கிடத்துவாங்க. கோயில் வேலையெல்லாம் பாக்குற கோயில்பிள்ளை ஒவ்வொண்ணா தூக்கிக் காட்டி, இது அந்தோணியார் பிள்ளை, யார் கேக்குறான்னு ஏலம் விடுவாரு. பெத்தவங்க கேக்கக் கூடாது. குடுத்த கையே திருப்பி வாங்கினா அது என்ன குடுத்தது? வேற ஒருத்தர் கை தூக்கி, காணிக்கையைப் போட்டு, பிள்ளையை வாங்கி ஆத்தா கையில குடுக்கணும். அப்படி மீட்டவங்க அந்தப் பிள்ளைக்கு இன்னொரு தாய் தகப்பன். வீட்டு உறவு, காலத்துக்கும். அதனாலதான் தாய்மாமனைக் கூப்பிடுவாங்க.

என் தம்பி ஞானாதிக்கம் வர்றேன்னுதான் சொன்னான். ஆனா அவனுக்கு உள்ளுக்குள்ள ஒரு கறுவல். ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனா அவனை நிறுத்தாம, என் கொழுந்தன் தொம்மையை நிறுத்திட்டோம். நான் நிறுத்தல, எங்க வீட்டுக்காரர் இன்னாசி நிறுத்தினாரு. அந்த மனுசனுக்கு அவரு அண்ணன் தம்பிதான் உலகம். என் தம்பி அதை மனசுலயே வச்சிருந்து, கொடிமரத்துக்கு எதித்தாப்புல வந்து நின்னுக்கிட்டுக் கையைக் கட்டிக்கிட்டான். ஞானத்தகப்பன் இருக்காரே, அவரு மீட்கட்டும்ங்கிறான். தொம்மைக் கொழுந்தனைப் பாத்தேன். தாய்மாமன் இருக்கும்போது நான் கை தூக்கினா ஊரு சிரிக்கும் மதினின்னு அவரு ஒதுங்கிட்டாரு. இங்கிட்டு ஒரு ஆம்பளை, அங்கிட்டு ஒரு ஆம்பளை. நடுவுல சமுக்காளத்துல என் பிள்ளை காலை ஆட்டிக்கிட்டுக் கிடக்கான்.

கோயில்பிள்ளை மூணு தடவை கேட்டாரு. ஒரு கையும் மேல வரல. அந்த நேரம் எங்க ஊரு கீழத்தெரு சலேத்து, அவ எப்படி அவ்வளவு கிட்ட வந்தான்னே தெரியல, விசுக்குன்னு கையைத் தூக்கிட்டா. நான் கேக்குறேன் சாமிங்கிறா. முந்தியில முடிஞ்ச காசை அவுக்குறா. குனிஞ்சு பிள்ளை காலைத் தொடவே தொட்டுட்டா.

நான் அவ கையைத் தட்டி விட்டுட்டேன்.

என்ன பாக்குற? அன்னைக்கு என் இடத்துல யாரு இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க. நான் ஒண்ணும் கெட்டவ இல்ல. சலேத்துமேல எனக்கு என்ன பகை? எங்க வயல்ல நடவுக்கு வர்றவ, நல்லா உழைக்கிறவ. ஆனா மீட்டா உறவாச்சே. நாளைக்கு வீட்டுக்குள்ள வருவா, என் பிள்ளைன்னு தூக்குவா, நல்லது கெட்டதுக்கு முன்னால நிப்பா. ஊரு என்ன சொல்லும்? எங்க கோயில்லயே அப்ப நடுவுல கம்பித்தடுப்பு இருந்துச்சு, எங்களுக்கு ஒரு பக்கம், அவங்களுக்கு ஒரு பக்கம். அப்புறம் பிஷப் ஆளு அனுப்பி எடுக்கச் சொல்லி எடுத்துட்டாங்க. இப்ப எங்க வேணும்னாலும் உக்காரலாம். ஆனா அவங்கவங்க அந்தந்தப் பக்கத்துலயேதான் உக்காருறோம். அது ஒண்ணும் மனசுல வச்சுக்கிட்டு இல்ல, பழக்கம்.

அப்புறம் என்ன ஆச்சுங்கிறியா? பூசைக்கு மணி அடிச்சுட்டாங்க. மத்த பிள்ளைங்களெல்லாம் மீட்டுத் தூக்கிக்கிட்டுப் போயாச்சு. கோயில்பிள்ளை சமுக்காளத்தைச் சுருட்டணும், என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. நானே குனிஞ்சு என் பிள்ளையைத் தூக்கிட்டேன். தூக்கிக்கிட்டு அந்தோணியார் சுரூபத்தைத் திரும்பிக்கூடப் பாக்காம நடந்தேன். திருடிக்கிட்டு வர்ற மாதிரிதான் வந்தேன்.

அடுத்த வருசம் மீட்கலாம்னாரு எங்க வீட்டுக்காரர். அடுத்த வருசம் தம்பியும் அவரும் பேச்சு வார்த்தையே இல்ல. அதுக்கடுத்த வருசம் வெள்ளாமை இல்ல. பிள்ளை வளந்துட்டான்.

ஆனா ஒண்ணு தாயி, நான் முறை தப்பல. அவன் என் பிள்ளை இல்ல, அந்தோணியார் பிள்ளைங்கிறதை ஒரு நாளும் மறக்கல. என் வீட்டுல வளருதுன்னு நான் உரிமை கொண்டாட முடியுமா? அவனுக்குன்னு தனித் தட்டு, தனி டம்ளர். முதல் சோறு அவனுக்குத்தான். வாங்க சாமி, சாப்பிடுங்க சாமின்னுதான் கூப்பிடுவேன். மடியில போட்டுக் கொஞ்சினதில்ல. அடுத்தவங்க பொருளை எடுத்து அனுபவிக்கலாமா? முத்தம் குடுக்கணும்னு தோணுறப்ப பிலோமியை இழுத்து வச்சுக் குடுத்துப்பேன். அவ எதுக்கும்மான்னு துடைச்சுக்குவா.

அடிச்சதும் இல்ல. ஒரு அடி, ஒரு கிள்ளு, கிடையாது. ஒரு தடவை தண்ணிக்குடத்தைத் தூக்குறேன்னு போட்டு உடைச்சுட்டான். நான் பிலோமியைப் பிடிச்சு நாலு சாத்து சாத்தினேன், நீ பாத்துக்கிட்டு என்ன செஞ்சேன்னு. இவன் வந்து முன்னால நிக்கிறான். நான்தான் உடைச்சேன், என்னை அடிம்மாங்கிறான். நீங்க போங்க சாமி, போய்ப் படிங்கன்னேன். அவன் போகல. விளக்குமாத்தை எடுத்துக்கிட்டு வந்து என் கையில திணிக்கிறான். நான் வாங்கலன்னதும் அவனே அவன் காலுல அடிச்சுக்கிட்டான். எவ்வளவு நல்ல பிள்ளை பாரு.

இன்னொண்ணு சொல்றேன் கேளு. ஊருக் கிணத்துல குதிச்சு விளையாடினானாம், சலேத்து பாத்துட்டுக் காதைத் திருகி இழுத்துக்கிட்டு வந்து வெளிய விட்டிருக்கா. காது செவசெவன்னு இருக்கு. அதைத் தடவிக்கிட்டே சிரிச்சுக்கிட்டு வர்றான். சலேத்துப் பெரியம்மா திருகிட்டாங்கன்னு தெருவுல பாத்தவங்ககிட்டயெல்லாம் காட்டுறான். எனக்கு வந்துச்சே கோவம். நேரா அவ வீட்டு வாசல்ல போய் நின்னு, அந்தோணியார் பிள்ளைமேல கை வைக்க நீ யாருடின்னு கேட்டேன். அவ ஒண்ணும் எதுத்துப் பேசல. பிள்ளை தண்ணியில போயிருந்தா அந்தோணியாரா வந்து தூக்குவாருன்னு மட்டும் சொன்னா. திமிரு.

அப்புறம் சாமியாருக்குப் படிக்கக் குருமடத்துக்கு அனுப்பினேன். நானா அனுப்பல, அவரு பிள்ளை அவர்கிட்டப் போகணும்ல? சாமியாரா வந்துட்டா கணக்கு நேராயிடும்னு ஒரு நெனப்பு. வருசக்கணக்கா இருந்தான். ஒரு நாள் தகரப் பெட்டியோட வாசல்ல வந்து நிக்கிறான். எனக்குச் சாமியாராகுற அழைத்தல் இல்லம்மா, நான் வந்துட்டேங்கிறான். இல்லைன்னு யாரு சாமி சொன்னது, நீங்கதான் கைப்பிள்ளையிலயே அவருக்குப் போனவங்களாச்சேன்னேன். அவன் பெட்டியைக் கூட உள்ள வைக்கல. வாசப்படியிலயே உக்காந்து அழுதான். எனக்கும் அழுகை வந்துச்சு. ஆனா தொட்டுத் தேத்தலாமா கூடாதான்னு தெரியாம நின்னேன். அவங்கப்பாதான் வந்து உள்ள கூட்டிக்கிட்டுப் போனாரு. அவரு போய்ச் சேந்துட்டாரு, அதுக்கு மறு வருசமே.

இப்ப கல்யாணக் கதையைக் கேளு. மினி லாரி ஓட்டுனான், ஒரு பொண்ணைப் பிடிச்சுப் போச்சு. நம்ம வேதம்தான், நம்ம ஆளுகதான், குறை சொல்ல ஒண்ணுமில்ல. நல்ல எடுப்பான பொண்ணு, என்னை அத்தை அத்தைன்னு சுத்தி வந்துச்சு. பிலோமி முன்ன நின்னு எல்லாம் பேசி முடிச்சுட்டா. கோயில்ல ஓலை வாசிக்க ஆரம்பிச்சாங்க. ஞாயித்துக்கிழமை பூசையில பங்குச்சாமி வாசிப்பாருல்ல, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை அறிஞ்சவங்க சொல்லக் கடமைப்பட்டிருக்காங்கன்னு. முதல் ஞாயிறு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்த வாரம் பூரா தூக்கமில்ல. அறிஞ்சும் சொல்லாம இருந்தா சாவான பாவம் இல்லையா? அடுத்த ஞாயிறு எந்திரிச்சுட்டேன்.

என்ன சொன்னேனா? உள்ளதைச் சொன்னேன். சாமி, தடை இருக்கு, இவன் என் பிள்ளை இல்ல, அந்தோணியார் பிள்ளை, இன்னும் மீட்கல, அவரைக் கேக்காம எப்படிக் கட்டிக் குடுக்கிறதுன்னேன். கோயில் பூரா கொல்லுன்னு சிரிச்சுச்சு. பிலோமி என் சேலையைப் பிடிச்சு இழுக்குறா. பொண்ணோட அப்பன் எந்திரிச்சு, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு வெளிய போனாரு. அந்தப் பொண்ணு மட்டும் கொஞ்ச நேரம் தனியா உக்காந்திருந்துச்சு. பெத்த தாயே என் பிள்ளை இல்லன்னு சபையில சொன்ன வீட்டுக்குப் பொண்ணு தர மாட்டோம்னு அன்னைக்குச் சாயங்காலமே சொல்லி அனுப்பிட்டாங்க. நான் அந்த அர்த்தத்துலயா சொன்னேன்? நீயே சொல்லு.

பங்குச்சாமி என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசினாரு. சின்ன வயசு சாமியார், கம்ப்யூட்டர்லாம் படிச்சவரு. இதெல்லாம் மூடநம்பிக்கைம்மா, உங்க பிள்ளையைச் சேசு சிலுவையில ஏற்கெனவே மீட்டாச்சு, மறுபடி யாரும் மீட்க வேண்டியதில்லைங்கிறாரு. நான் சொன்னேன், சாமி, சேசு மீட்டது பாவத்துலேருந்து. நான் கேக்குறது அந்தோணியார்கிட்டேருந்து. செபமாலை சொல்லுங்கம்மான்னு அனுப்பிட்டாரு. அவ்வளவு படிச்சவருக்கே இந்தக் கணக்கு புரியல பாரு.

பதுவை அன்னைக்கே கிளம்பிட்டான். ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க சாமின்னு தட்டு வச்சேன். அந்தத் தட்டையே பாத்துக்கிட்டு நின்னான். அம்மா, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை போடா நாயேன்னு சொல்லு, நான் இருந்துர்றேன்னான். எனக்கு வாய் வரல தாயி. எப்படி வரும்? அவரு பிள்ளையை நான் நாயேன்னு சொல்லலாமா? அவன் போயிட்டான். போறவன் நேரா பஸ் ஏறினானா? இல்ல. கீழத்தெருவுல போய், சலேத்து வீட்டுல உக்காந்து சோறு தின்னுட்டுப் போயிருக்கான். என் வீட்டுத் தட்டுல கை வைக்காதவன்.

இப்ப திருப்பூர்ல இருக்கான். நான் கூப்பிட்டா எடுக்கிறதில்ல. கடைசியா ஒரு தடவை எடுத்தான். நான் செத்தா அந்தோணியாருக்கு ஆள் விட்டுச் சொல்லுறேன், உனக்கு எதுக்குன்னு கேட்டுட்டு வச்சுட்டான். பிலோமிகிட்டயும் பேசுறதில்ல. சலேத்துக்கு மட்டும் பேசுறானாம். அவளுக்குக் கண்ணு மங்கிப் போச்சு, நடமாட்டம் இல்ல. பேத்திதான் போனைக் காதுல வச்சு விடுதாம். என்னத்தைப் பேசுவாங்களோ.

அதுக்குத்தான் இந்தச் சட்டை. குருமடத்துக்குப் போறதுக்கு முன்னால போட்டிருந்தது, அலமாரியிலேயே வச்சிருந்தேன். கருங்கல்மேட்டுக் கோயில்பிள்ளைகிட்டப் பேசிட்டேன். ஆள் வர முடியாட்டி சட்டையைக் கிடத்தலாமாம், துபாய்ல இருக்கிற பிள்ளைங்களுக்கெல்லாம் இப்ப அப்படித்தானாம். சுரூபத்துல பாரு, அந்தோணியார் கையில ஏற்கெனவே சேசு பாலன் இருக்காரு. அவருக்கு எதுக்கு என் பிள்ளையும்? காணாமப் போனதெல்லாம் தேடிக் குடுக்கிறவரு, இதைக் குடுக்க மாட்டாரா? இன்னைக்கு மீட்டுட்டா இன்னைக்கு ராத்திரியே அவனுக்குப் போன் பண்ணிருவேன். டேய், நீ என் பிள்ளைடா, வீட்டுக்கு வாடான்னு சொல்லிருவேன். வீட்டுல சொல்லிப் பாத்துக்கிட்டேன். யாரும் இல்லாதப்ப. டேய்னு சொல்ல நாக்கு கொஞ்சம் மடங்குது, ஆனா வருது.

ஆனா கை தூக்க ஆள் இல்ல தாயி. தம்பி போன வருசம் செத்துட்டான், கறுவலோடயே போயிட்டான். தொம்மைக் கொழுந்தன் படுக்கையில விழுந்து கிடக்காரு. பிலோமி, உனக்குப் பைத்தியம் முத்திப் போச்சும்மாங்கிறா. ஊருல யாரைக் கேட்டாலும் அந்த ஓலைக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறாங்க. உன்னைப் பாத்தப்பவே எனக்குத் தோணிச்சு. கைப்பிள்ளைக்காரி, ஒரு ஆத்தா மனசு தெரியும். காணிக்கையெல்லாம் நான் வச்சிருக்கேன், கை மட்டும் உன்னோடது. நான் கேக்குறேன்னு ஒரு வார்த்தை சொல்லி, இந்தச் சட்டையை எடுத்து என் கையில குடுத்தா போதும். கோயில்ல உன் பிள்ளைக்கு நானே நேர்ச்சைத் தொட்டில் கட்டுறேன்.

என்ன கேட்ட? சலேத்தையே கேட்டிருக்கலாமேவா?

அது எப்படித் தாயி? கார் வச்சுக் கூட்டிக்கிட்டு வரலாம், வரமாட்டேன்னு சொல்ல மாட்டா, அது எனக்கும் தெரியும். ஆனா அன்னைக்குத் தட்டி விட்ட கையை இன்னைக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்குறது? அதோட அவ கையால மீட்டா, அவன் திரும்பி வந்ததும் முதல்ல அவ வீட்டுக்குத்தானே போவான். பெத்தது நான். அவங்க சாதிக்கு ஒரு தடவை இடம் குடுத்துட்டா அப்புறம்...

என்னது? சரியா கேக்கல, பஸ்ஸு இரையுது. நீங்களும் கீழத்தெருவா?

உங்க ஊருல கீழத்தெருவா.

சரி. அதனால என்ன? இப்பல்லாம் யாரு அதைப் பாக்குறா? நான் உன்னைச் சொல்லலையே, சலேத்தைச் சொன்னேன். அதுவும் அந்தக் காலத்துக் கதை. உன்னைப் பாத்தா அப்படித் தெரியவே இல்ல தாயி, சத்தியமா. நல்லா செவப்பா இருக்க, நறுவிசா சேலை கட்டியிருக்க, பிள்ளைக்குப் புது அங்கி தச்சுப் போட்டிருக்க. நான் என்னத்தைக் கண்டேன்? ஏன் பையை எங்கிட்டக் குடுக்குற? இருக்கட்டும், உன் மடியிலயே இருக்கட்டும். நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதிலே சொல்லலையே. யார் கையா இருந்தா என்ன, கை தூக்குவியா மாட்டியா?

எந்திரிச்சுட்டியா? முன்னாடி சீட்டு ஒண்ணும் காலியா இல்லையே. கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டேவா வரப்போற? கருங்கல்மேடு இன்னும் தூரம் இருக்கு, ரோடு குண்டும் குழியுமா கிடக்கும். உக்காரு தாயி. நான் வேணா நிக்கிறேன். நான் நிக்கிறேன், நீ உக்காரு. பேரைக்கூடக் கேக்கலையே நான்.

போயிட்டா.

என் மடியில போட்டுட்டுப் போன பையில சட்டை சூடா இருக்கு, பிள்ளைப் பக்கம் இருந்ததால.

வாங்கக்கா, உக்காருங்க, இடம் காலியாத்தான் இருக்கு. இந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிறீங்களா? ஒரு சட்டைதான். நீங்களும் அந்தோணியார் கோயிலுக்குத்தானே? எந்த ஊரு நீங்க? இல்லக்கா, ஊரு மட்டும்தான் கேட்டேன். தெரு கேக்கல.